வட்டை மரத்துத் தையக்காரன்

சென்ற மாதம் அடக்க வீட்டில் நாம் எல்லோரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். இறந்துபோனவள் நம்மோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பெட்டியை இன்னும் மூடவில்லை. அப்போது உங்களில் ஒருத்தி, பெயர் சொல்லமாட்டேன், வாசிக்கும்போது அவளுக்கே தெரியும், தன் மருமகளின் காதருகே குனிந்து என்னைக் காட்டி, "பண்டு தையக்காரனைக் காட்டிக் குடுத்தவ இவளாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மருமகளுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். அதனால் அவளும் பாதிதான் சிரித்தாள். நான் கேட்காததுபோல இருந்தேன். கேட்காததுபோல இருப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் உண்டு.

சபையின் ஆண்டு மலருக்குப் பழைய காலத்து நினைவு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நீங்களெல்லாம் மாங்காய் எறிந்ததையும் கிறிஸ்துமஸ் பஜனை போனதையும் எழுதுவீர்கள். எழுதுங்கள், நன்றாக இருக்கும். நான் அந்தத் தையக்காரனைப் பற்றி எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வரும். ஒரு எழுத்து முடிந்து நிமிர்ந்த பிறகுதான் அடுத்த எழுத்து எனக்கு ஞாபகம் வருகிறது. அது ஏன் என்பதும் இதிலேயே வரும்.

முதலில் குருவியைச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. இப்போது அதை வெட்டி நிரப்பாக்கிக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அன்று அது பாதி காடு, பாதி மரம் வைத்த விளை. ரப்பர் அங்கே வருவதற்கு முந்தின காலம். மேலே அயனி மரங்கள் இருட்டாக நிற்கும். அந்த இருட்டு முடிந்து வெயில் தொடங்குகிற விளிம்பில் வட்டை மரங்கள் முளைத்திருக்கும். வட்டை இலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சோற்றுத் தட்டு அகலம், காம்பு இலையின் நடுவிலே வந்து ஒட்டும், கொப்பை ஒடித்தால் ரத்தம்போல் பிசின் வடியும். பாவாடையில் பட்டால் போகாது. எத்தனை அடி வாங்கியிருக்கிறோம் அந்தப் பிசினுக்காக.

அந்த வட்டை மரங்களில்தான் தையக்காரன் இருந்தது. நம் வீடுகளில் அதற்கு வேறு பேர் கிடையாது. துணி தைக்கிற ஆளுக்கும் தையக்காரன், இலை தைக்கிற குருவிக்கும் தையக்காரன். கைக்குள் பொத்தினால் வெளியே தெரியாத உடம்பு. தலையில் செம்மண் தொட்டு வைத்ததுபோல ஒரு நிறம். முதுகு வாடின இலைப் பச்சை. வால் மட்டும் எப்போதும் மேலே பார்த்து நிற்கும். உடம்புக்கும் சத்தத்துக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. அத்தனை சின்னத் தொண்டையிலிருந்து, மரத்தடியில் நிற்பவள் காதைப் பொத்துகிற மாதிரி, விடாமல் கூப்பிடும். இலையின் அடிப்பக்கத்தில் தொங்கி எறும்பையும் பச்சைப் புழுவையும் சிலந்தியையும் கொத்தித் தின்னும். நெல்லில் வாய் வைக்காது, பழத்தில் வாய் வைக்காது. மனுஷருக்கு ஒரு உபத்திரவமும் இல்லாத ஜீவன்.

இடைவேளையில் நான் அங்கேதான் போய் நிற்பேன். அது இலையின் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து, அலகால் ஓட்டை போட்டு, பஞ்சையும் நூலையும் ஓட்டைக்குள் திணித்துத் தைப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் பார்த்தேன். நீளவால்காரன் ஒருவன் மேல் கொப்பில் இருந்து கத்திக்கொண்டே இருப்பான். தைக்கிறது முழுவதும் வால் குட்டையான பெட்டைதான். ஆனால் பேர் தையக்காரன். இதில் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

இனி மற்றத் தையக்காரனைச் சொல்கிறேன். என் அம்மாவின் தம்பி. எனக்கு மாமன். அமரவிளைக்குப் போகிற ரோட்டில், பள்ளிக்கூடம் தாண்டின வளைவில் ஒற்றை அறைக் கடை. உள்ளே மெஷின் எண்ணெய் வாசனை, புதுத் துணியின் கஞ்சி வாசனை. நூல் சுற்றி வருகிற சின்ன மரக்கட்டைகள் காலியானால் எனக்குத் தருவார். அவரிடம் விரலில் மாட்டுகிற பித்தளைத் தொப்பி ஒன்று இருந்தது. அதால் மெஷின் பலகையில் தட்டித் தாளம் போடுவார். தைத்து முடித்த நூல் துணுக்குகளைக் கூட்டி அள்ளிப் பின் ஜன்னல் விளிம்பில் வைப்பார். குருவி வந்து பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போகும். "நமக்குப் போட்டிக் கடைக்காரனாக்கும். நூலும் நம்மகிட்ட இருந்தே வாங்கிட்டுப் போறான், நல்ல ஏமாத்துக்காரன்" என்பார்.

அது எல்லை பிரிக்கச் சொல்லி ஊர் கொதித்துக் கிடந்த சமயம். தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலமாக ஜாதை போனார்கள். ஒரு வீட்டில் அண்ணன் அந்தக் கட்சி, தம்பி இந்தக் கட்சி. சந்தையில் மீன் விற்கிறவள் விலையை எந்த பாஷையில் சொல்கிறாள் என்று பார்த்து வாங்கினார்கள். அவள் பாவம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சொல்லிப் பிழைத்தாள். என் மாமன் கட்சிக்குக் கொடி தைத்தார். கொடியின் நிறத்தை நான் சொல்லப்போவதில்லை. அந்த நிறத்துக்கு இப்போது வேறே சொந்தக்காரர் இருக்கிறார்கள். அந்த மழைக்காலம் முழுவதும் அவருடைய தலைமயிரிலும் சட்டையிலும் அந்த ஒரே நிறத்து நூல்தான் ஒட்டிக்கிடந்தது.

என் அப்பா, நிலவரி வாங்குகிற பகுதிக் கச்சேரியில் பியூன். கொடி பிடிக்கிறவன் வேலையில் இருக்கமாட்டான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு பக்கமும் சேராமல் நடந்தார். யாராவது கேட்டால், "கச்சேரியில நான் தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. பியூனாக்கும்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். மாமன் மட்டும் அந்தச் சிரிப்பை விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஆண்களெல்லாம் முற்றத்தில் நிற்கும்போது, அப்பாவின் புதுச் சட்டையின் தோளைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"அத்தானுக்குச் சட்டை தச்சுக் குடுத்தாச்சு. நட்டெல்லு தச்சுக் குடுக்க எனக்குத் தெரியாது."

முதுகெலும்பு இல்லாத ஆள் என்கிறார் என்று முற்றமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தபோது என் விரல்கள் நெரிந்தன. வலிக்கிறது என்று சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. வேடிக்கையாகச் சொன்னது வேடிக்கையாகவே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமனும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

ரோட்டில் கல்லெறியும் தடியடியும் நடந்த மறுநாள் போலீஸ் மாமனைத் தேடி வந்தது. அதற்கு முந்தின சாயங்காலமே யாரோ சொல்லி மாமன் கடையைப் பூட்டாமல்கூட இறங்கிப் போயிருந்தார். எங்கே போனார் என்பது என் அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

நான் மத்தியானக் கஞ்சிக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன், கையில் சிலேட்டு. கடை வாசலில் கூட்டம். மெஷின் கவிழ்ந்து கிடந்தது. கொடித் துணியைச் சேற்றில் இழுத்துப் போட்டிருந்தார்கள். தலைமைக் கான்ஸ்டபிளை ஏட்டு என்றுதானே சொல்வோம், அந்த ஏட்டு வடக்கே எங்கேயோ உள்ள ஆள். நம் நாட்டுப் பேச்சு அவருக்குப் புதிது. பெரியவர்கள் எல்லோரும் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்து, அவர் என்னைப் பார்த்துக் குனிந்தார்.

"மோளே, தையல்க்காரன் எவிடெ?"

எனக்கு எட்டு வயது. இரண்டு பாஷையும் தெரியும் என்கிற கர்வம். காலையில்தான் இலைக்குள் எட்டிப் பார்த்து மூன்று முட்டை எண்ணிவிட்டு வந்திருந்தேன். அந்த வாரம் என் தலைக்குள் இருந்தது ஒரே தையக்காரன்தான். இவ்வளவு பெரிய மனுஷர் அதைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்.

"வட்டயில் உண்டு ஏமானே. கூட்டினகத்து", கூட்டுக்குள் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டினேன்.

அவர்களுக்குக் கூடு என்றால் ஓலைக் குடில். விசில் ஊதிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். ஒருவன் செம்மண்ணில் சறுக்கி, இருந்தபடியே கீழே வந்து சேர்ந்தான். நான் முன்னால் ஓடி, சரியான மரத்தை, சரியான கொப்பை, சரியான இலையைக் காட்டினேன். ஏட்டு இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்த கூடு. தைத்த நூல் கொடியின் நிறம். மாமனின் ஜன்னலில் இருந்து பொறுக்கினதுதான்.

பின்னால் வந்த சாயாக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "ஏமானே, ஆளைச் சீக்கிரம் விலங்கு போட்டு ஜீப்பில ஏத்துங்க. பறந்துரப் போறான்" என்றார்.

மேடு முழுக்கச் சிரிப்பு. ஏட்டின் முகம் வட்டைப் பிசின் நிறமானது. கூட்டை இலையோடு பிய்த்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். முட்டைகள் கீழே விழுந்தன. நீலம் கலந்த வெளுப்பு, அதில் செம்புள்ளிகள். உடையாமல் கிடந்த ஒன்றும் ஒருவர் காலின் கீழே போனது. பெட்டை பக்கத்துக் கொப்பில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பில் அதன் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அன்றைக்கு முழுவதும் நான்தான் ஊரின் செல்லப்பிள்ளை. போலீசைக் குருவி பிடிக்க வைத்தவள் என்று தோளில் தூக்கினார்கள். சாயாக்கடைக்காரர் ஒரு சீப்பு மட்டிப்பழத்தை அப்படியே எடுத்துத் தந்தார். நீங்களும் தின்றீர்கள். தோல் உரித்ததுகூட எனக்கு ஞாபகம் உண்டு. சாயங்காலம் அப்பா கச்சேரியிலிருந்து வந்தபோது வழியெல்லாம் அவரைப் பிடித்து நிறுத்திக் கதையைச் சொன்னார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "போலீசை நாணம் கெடுத்தா சும்மா விடுவானுவளா?" என்று கேட்டுவிட்டுக் காலைக் கழுவினார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏட்டு சாயாக்கடைப் பெஞ்சில் தனியாக இருந்தார். "தையல்க்காரீ, இங்கோட்டு வா" என்று கூப்பிட்டார். பயந்துகொண்டுதான் போனேன். கடையின் கண்ணாடிப் பரணியில் இருந்து நாரங்கா மிட்டாய் இரண்டு எடுத்துத் தந்தார். தனக்கும் என் உயரத்தில் ஒரு மகள் இருக்கிறாள் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மிட்டாய் தந்தால் எட்டு வயதில் வாங்காதவள் உங்களில் இருந்தால் கையைத் தூக்கட்டும். ஒன்றைத் தின்றேன். ஒன்றை என் தம்பிக்கு என்று பைக்குள் போட்டேன்.

அதற்கும் அடுத்த நாள், மழை கொட்டும்போது, மாமனைப் பிடித்துக்கொண்டு ரோட்டு வழியே கொண்டுபோனார்கள். காரோடு என்கிற ஊரில் ஒரு பனைவிளைக்குள், பனையிலிருந்து இறக்குகிற அக்கானியைக் காய்ச்சும் ஓலைக் குடிலில், பொரையில், இருந்தாராம். மழைக்காலத்தில் பனை ஏற்று கிடையாது, அதனால் பொரை சும்மாக் கிடந்தது. அங்கே அவருக்கு அம்மா மரச்சீனிக்கிழங்கும் மீனும் பொதிந்து கொடுக்க, அப்பா கொண்டுபோயிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் பார்த்தது, நனைந்த வேட்டியும் தலையில் ஓலைத் துரும்புமாக மாமன் நடந்துபோனதைத்தான். கூட்டத்தில் யாரையும் அவர் பார்க்கவில்லை.

யார் சொன்னது, யார் சொன்னது என்று ஊர் கேட்டது. கேட்டு முடிப்பதற்குள் பதில் எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. அப்பா, மாமன் தைத்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். "வேற ஆரு? இவளாக்கும். ஏட்டு மிட்டாயி குடுத்துக் கேட்டிரிக்கான். சாயாக்கடையில ஒக்க பாத்தவிய உண்டு."

அம்மா என் பையைக் கவிழ்த்தாள். சிலேட்டுக்குச்சியோடு மிட்டாய் விழுந்தது.

அந்தப் பொரை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது என்றேன். ராத்திரி படுத்துக்கிடந்து ஒட்டுக் கேட்டிருப்பாய் என்றாள். ஏட்டு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். பின்னே என்னத்துக்கு மிட்டாய் என்றாள். புளிய விளாறு ஒடியும்வரை அடித்தாள். அப்பா தடுக்க வந்தார். அதையும் எழுதவேண்டும். "பிள்ளையாக்கும், தெரியாமச் சொல்லிட்டு, விடு" என்று அம்மாவின் கையைப் பிடித்தார். அன்று அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்தது என்பதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

ஊர் உடனே நம்பிவிட்டது. வட்டை மரத்தடியில் என்னோடு நின்று சிரித்தவர்கள்தான் நம்பினார்கள். குருவியைக் காட்டியதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆனால் இரண்டு நாளில் அந்தக் குருவி கதையிலிருந்து பறந்துபோய்விட்டது. தையக்காரன் எங்கே என்று போலீஸ் கேட்டதும், நான் கை நீட்டினதும் மட்டும் மிஞ்சியது. ஒரே சொல்லில் இரண்டு ஆளை வைத்திருந்த நம்முடைய பேச்சு, நான் காட்டாத ஆளை என் கையில் தந்துவிட்டது.

வகுப்பில் நீங்கள் சிலேட்டில் மிட்டாய் வரைந்து எனக்கு நேரே தூக்கிக் காட்டினீர்கள். வாத்தியார் திரும்பினால் எச்சில் தொட்டு அழித்தீர்கள். அது ஒன்றும் பெரிது இல்லை, பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் அம்மா அதைக் கேள்விப்பட்டு, "இவ வாயத் தொறந்ததும் போரும், படிச்சதும் போரும்" என்று நிறுத்திவிட்டாள். என் சிலேட்டு உப்புப் பானைக்கு மூடியானது. அதில் நான் கடைசியாக எழுதியிருந்த ஓரெழுத்துச் சொற்கள் உப்பின் ஈரத்தில் கொஞ்ச நாள் தெரிந்துகொண்டே இருந்தன. உப்பெடுக்கப் போகும்போதெல்லாம் வாசிப்பேன். பிறகு அதுவும் போயிற்று. என் தம்பி தங்கைகள் எல்லோரும் படித்தார்கள். எல்லை பிரிந்த பிறகு அவர்கள் படித்தது மலையாளம். நான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மாமன் மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். வலது கையின் விரல்கள் மடங்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தார். கோர்க்க முடியவில்லை. நான் கோர்த்துக் கொடுக்கிறேன் என்று கிட்டே போனேன், அம்மா என்னை இழுத்துக்கொண்டாள். மெஷினைப் பொழியூர்ப் பக்கம் யாருக்கோ விற்றார்கள். பித்தளைத் தொப்பி எங்கே போனது என்று தெரியவில்லை.

அவர் விடுதலையானதற்கு வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். உபதேசியார் வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மாமன் என்னைக் கூப்பிட்டு, அந்த மடங்காத கையை என் தலையில் வைத்தார். "பிள்ளை தெரியாமச் செய்தது. நான் பொறுத்துட்டேன்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அப்பாவின் ஆமென்தான் உரக்கக் கேட்டது.

அடியைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முழங்காலில் நிற்கச் சொன்னார்கள், நிற்கவில்லை. "நான் குருவியையாக்கும் சொன்னேன்" என்றேன். இந்தப் பிள்ளையின் கடின இருதயத்துக்காகவும் ஜெபிப்போம் என்று உபதேசியார் கண்ணை மூடினார். செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டால் செய்ததாக ஆகிவிடும். அது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. இன்றுவரை நான் அதை வாங்கவில்லை.

பிறகு எல்லை பிரித்தார்கள். நாலு தாலுகா தமிழ்நாட்டோடு போனது. நம்முடைய தாலுகா மலையாளத்தோடு இங்கேயே நின்றுபோயிற்று. மாமன் சட்டியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே ஒரு வேதக்கோயிலில் மணியடிக்கிற வேலை. இடது கையால் அடித்தார் என்று கேள்வி. நடந்தே போய்வரலாம், அவ்வளவு பக்கம். இருந்தும் அவர் பிறகு எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. அந்தச் சமயத்தில் கச்சேரியில் நம் ஊர்க்காரர் இரண்டு பேருக்கு வேலை போயிற்று. அப்பாவுக்குப் போகவில்லை.

என்னை அந்தக் காரோடு ஊரில்தான் கட்டிக் கொடுத்தார்கள். மிட்டாய்க் கதை தெரியாத வீடாகப் பார்த்தார்கள்போலிருக்கிறது. கல்யாணம் கழிந்த புதிதில், ஓலை பொறுக்க மாமியாரோடு ஒரு பனைவிளைக்குப் போனேன். ரோட்டை விட்டு, ஓடைபோல ஒரு தோட்டைத் தாண்டி, தாழைப் புதருக்குள் நுழைந்து, ஆள் மறைகிற ஆனைக்கற்றாழை வேலியைச் சுற்றி, பிறகும் நடந்தோம். அதன் கடைசியில் ஒரு இடிந்த பொரை, கரி பிடித்த அடுப்பு. "பண்டு இதுலதான் ஒரு தையக்காரனை போலீசு பிடிச்சுது" என்றாள் மாமியார்.

அப்படியே நின்றேன். எட்டு வயதுப் பிள்ளையின் வாய்ச்சொல்லைக் கேட்டு அந்த இடத்துக்கு ஒருவரும் வந்து சேர முடியாது. வடக்கத்தி ஏட்டு வரவே முடியாது. வழி தெரிந்த ஒருவர் முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு வந்தாலே உண்டு. வழி தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி மாமனின் கூடப்பிறந்தவள்.

தெரிந்தபிறகும் நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்பா வருவார், என் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கி வருவார். நான் பிள்ளைகளின் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிடுவேன். ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

கடைசிக் காலத்தில் அவர் எங்கள் வீட்டில்தான் கிடந்தார். கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு தேக்கங்கன்று. ஒரு மழைக்காலம் அதில் தையக்காரன் வந்து கூப்பிடத் தொடங்கியது. அப்பாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது. நல்ல உடம்போடு இருந்தபோதும் கல்லெடுத்து எறிவார். அந்தக் குருவியால் எனக்குப் பழி வந்ததே என்று, என் பக்கமாக நின்று எறிகிறார் எனச் சின்ன வயதில் நினைத்தேன்.

"அதை வெரட்டு பிள்ளே. சாவக்கூட விடமாட்டேங்குது" என்றார்.

நான் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அப்பா, பனைவிளைக்கு ஏட்டைக் கூட்டிட்டுப் போனது நீங்களா?"

குருவி இரண்டு மூன்று தரம் கூப்பிட்டது. பிறகு சாதாரணமாக, கச்சேரிக் காரியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வேலை போயிருக்கும். பிள்ளைகள வளக்கணும்லா. அவன் வேற, ஆளுவளுக்க முன்ன என்னத்த எல்லாம் பேசினான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உனக்க பேரச் சொன்னா உன்ன ஆரு என்ன செய்யும்? பச்சப் பிள்ளை. பிள்ளையளுக்க மேல பழி நிக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

"நின்னுது அப்பா" என்றேன்.

கஞ்சி ஆறிவிட்டது, சூடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

அப்பாவை அடக்கி, சடங்கெல்லாம் கழிந்த பிறகு, நான் அம்மாவிடம் போனேன். என்னைத் தள்ளி வைத்தே வாழ்ந்தவள் அம்மா. மற்றப் பிள்ளைகளை மக்கா என்பாள், என்னை மட்டும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அன்று முற்றத்தில் புளி காயப்போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரே நின்றேன். எனக்கு இருந்தது துக்கம் இல்லை, ஜெயித்தவளின் அவசரம். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அம்மா அழுவாள், என் காலைப் பிடிப்பாள், குறைந்தது புளியை விட்டுக் கையை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கொட்டையைத் தட்டிப் போட்டுக்கொண்டே, "எனக்குத் தெரியும் மக்கா" என்றாள்.

மக்கா என்றாள். அதைக் கேட்க நான் ஆயுசு முழுக்கக் காத்திருந்தேன். கேட்டபோது அது உதவவில்லை.

"எப்ப இருந்து?"

"அண்ணைக்கே. அவரு சட்டையைக் கழத்துனாருல்லா, அதுல தாழை முள்ளு புதுசாக் கீறியிருந்துது."

"பின்ன என்னத்துக்கு என்ன அடிச்சிய?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். இவ்வளவு வயதாகியும் இது தெரியவில்லையா என்பதுபோலப் பார்த்தாள்.

"அவர அடிக்க முடியுமா?"

இவ்வளவுதான். அம்மாவும் போய் வருஷங்கள் ஆகின்றன. மாமன், நான் செய்ததைப் பொறுத்துக்கொண்டதாகவே நினைத்து மறுபக்கத்து மண்ணில் கிடக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஒருமுறை எல்லை தாண்டி அந்தக் கோயில் வாசல்வரை போனேன். இடது கையால் மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பொறுத்துக்கொண்டவரின் சாந்தம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

என் வீட்டுத் தேக்கில் இப்போதும் அந்தக் குருவி வருகிறது. வீட்டில் உள்ள பிள்ளைகள் துன்னாரன் என்று மலையாளப் பாடப்புத்தகத்துப் பேரைச் சொல்கிறார்கள். நான் பேர் ஒன்றும் சொல்வதில்லை. விரட்டுவதும் இல்லை.

அடக்க வீட்டில் பேசினவளுக்கு ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். தையக்காரனைக் காட்டிக் கொடுத்தவள் என்று நீ சொன்னது சரிதான். காட்டிக் கொடுத்தேன். மரத்தையும் கொப்பையும் இலையையும் கை நீட்டிக் காட்டினேன். அதற்குக் கூடு போயிற்று, மூன்று முட்டை போயிற்று. அதைப் பற்றி மட்டும் இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.